நான்கு கூடுதல் தாள்கள்

கோவளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த என் ஜெராக்ஸ் கடையில் ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு மெயில் ஐடி, ஒரு பாஸ்வேர்டு. கடலுக்குப் போகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், பள்ளிவாசல் தெருக்காரர்கள், மாதா கோயில் தெருக்காரர்கள், எல்லோரும் அதில் இருந்தார்கள்.

நான் யாரையும் ஏமாற்றி எழுதி வைக்கவில்லை. உதவித்தொகைக்கோ காலேஜுக்கோ விண்ணப்பிக்க வருவார்கள். மெயில் ஐடி இருக்கிறதா என்றால் விழிப்பார்கள். நானே உண்டாக்கிக் கொடுப்பேன். பாஸ்வேர்டு என்ன வேண்டும் என்று கேட்டால், "நீயே போட்டுக்கோக்கா" என்பார்கள். பெயரை அடித்து, பின்னால் @123 என்று போடுவேன். போன் நம்பர் இல்லாதவர்களுக்கு என் செல் நம்பர். அடுத்த தடவை வரும்போது அவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது, நோட்டைப் புரட்டிச் சொல்வேன். ஊரில் இதற்கு உதவி என்று பெயர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதிசயமாக யாராவது தாங்களே பாஸ்வேர்டு போட்டால் என் காது சும்மா இருக்காது. மெஷின் பக்கம் நின்றபடியே கீபோர்டில் விழும் தட்டுகளை எண்ணிவிடுவேன். நடுவில் ஒரு தட்டு தாமதமானால் ஷிஃப்ட் கீயைத் தேடுகிறார்கள், அது @. பத்தொன்பது வருஷப் பழக்கம் இது. என் பெயர் ஃபக்ருன்னிசா. செங்கல்பட்டு காலேஜில் பி.எஸ்ஸி. கணக்கு இரண்டு வருஷம் படித்தேன். மூன்றாவது வருஷத்துக்குப் பதிலாக எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் என்னிடம் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரேணுகா என்ற பெண் நர்சிங் கவுன்சலிங்குக்கு என் கடையில் உட்கார்ந்துதான் கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள். முதலில் வேலூர், அப்புறம் சேலம். மறுநாள் காலையில் அவள் அப்பா சின்னராசு வந்தான். பெண் ஹாஸ்டலில் தங்குவது அவனுக்குப் பிடிக்கவில்லை. பாஸ்வேர்டைக் கேட்டான். அப்பன்தானே என்று நோட்டைத் திறந்து வாசித்துக் காட்டினேன். என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனான். போகும்போது எனக்கு ஒரு டீ சொன்னான். அதை நான் குடித்தேன்.

ரேணுகாவுக்கு எந்தக் கல்லூரியும் வரவில்லை. பட்டியல் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு என்னிடமே வந்து, "நான்தான் சேவ் பண்ணாம எழுந்து வந்துட்டேன் போலக்கா" என்றாள். நான் குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஜெராக்ஸ் எடுக்க வருவாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சில்லறை கொடுப்பேன்.

இந்த ஏப்ரலில் ஒரு பெண் இருநூறு காப்பி எடுக்க ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். கேளம்பாக்கம் பக்கத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துடையது. கிரிப்டோகிராஃபி அறிமுகப் பாடம், பன்னிரண்டு சனிக்கிழமைகள், வெளியாட்களும் சேரலாம், பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும் என்று இருந்தது. என் கையால் ஜெராக்ஸ் ஆகும் எதையும் நான் படிக்காமல் விட்டதில்லை. ரகசியத்தைக் காப்பாற்றும் கலை என்று அதில் ஒரு வரி. அந்த வரி என்னைத்தான் திட்டுவதுபோல இருந்தது. இருநூற்றோராவது காப்பியை எனக்கு எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அப்துல் அஹத் கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "போய்ட்டு வா, நானே இட்டுகினு போய் வுடறேன்" என்று அதோடு முடித்துக்கொண்டார். என் அண்ணன் நூர்முகமதுதான் கடையில் எல்லோர் முன்னாலும் சிரித்தான். ஈ.சி.ஆர். ரோட்டு மேலேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், என் கடை அவன் கட்டடத்தின் ஓரத்து ஷட்டர். நாற்பத்து மூன்று வயதில் எந்த ராணுவத்துக்கு ரகசியம் அனுப்பப் போகிறாய் என்று கேட்டான். நான் போய்ச் சேர்ந்தேன். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால்கூட ஒருவேளை யோசித்திருப்பேன்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நான் ஒருத்தி. பாடம் எடுத்தவர் ஹரிப்ரியா. கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவர், வாரநாட்களில் சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை. முதல் வாரமே ஒரு பழைய முறையைச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக மூன்று எழுத்து தள்ளி வருவதை எழுத வேண்டும். எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து என் நோட்டு மொத்தத்தையும் அப்படி மாற்றிப் புது நோட்டில் எழுதினேன். ரேணுகா விஷயத்துக்குப் பரிகாரம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

மூன்றாவது வாரம் பெருமை தாங்காமல், எங்கள் வீட்டு ஆட்களின் ஐந்து வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் ஹரிப்ரியாவிடம் காட்டினேன். அவர் அதை அப்படியே போர்டில் எழுதினார். முன் பெஞ்சில் கேசவன் என்று ஒரு பையன். நான் என் இடத்துக்குத் திரும்பி, துப்பட்டாவைச் சரிசெய்து உட்காருவதற்குள் எழுந்து, "அப்துல் அஹத் அட் ஒன் டூ த்ரீ" என்று வாசித்தான். வகுப்பே சிரித்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஹரிப்ரியா கேட்டார். "எல்லா வரியும் @123ன்னு முடியுது மேம். அதை மாத்தவேயில்ல. எங்கூர்ல பிரவுசிங் சென்டர்ல போட்ற பாஸ்வேர்டுதான் இது. அப்ப முன்னாடி இருக்கறது பேராத்தான் இருக்கும்" என்றான். அவனுடைய ஊர் செய்யூர். அங்கேயும் ஒரு ஃபக்ருன்னிசா இருக்கிறாள் என்று புரிந்தது. தமிழ்நாடு பூராவும் இருப்பாள்.

வகுப்பு முடிந்ததும் ஹரிப்ரியா என்னைக் கூப்பிட்டார். குறியீட்டை இன்னும் கஷ்டமாக்கச் சொல்லித் தருவார் என்று நினைத்தேன். "இந்த நோட்டு உங்களுக்கு எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊர் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்காது, நான் வைத்திருக்காவிட்டால் எல்லாம் நின்றுபோகும் என்று படபடவென்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே போர்டில் இருந்த என் ஐந்து வரிகளையும் அழித்தார். அதுதான் என்னைத் தின்றது.

அடுத்த வாரம் பதில் பாடத்திலேயே வந்தது. நாம் போடும் பாஸ்வேர்டை ஒழுங்கான எந்த வெப்சைட்டும் அப்படியே வைத்துக்கொள்வதில்லையாம். அரைத்து மாவாக்கி மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. மறுபடி நாம் பாஸ்வேர்டு போட்டால் அதையும் அரைத்து, மாவும் மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்களே தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பாடுபடும் ஒரு விஷயத்தை நான் இருபது ரூபாய்க்கு வாங்கிய ஒரு நோட்டில் எழுதி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

இரண்டு நோட்டையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். பஜ்ஜிக் கடைக்காரன் பழைய பேப்பர் கேட்டான், அவனுக்கும் ஒரு பக்கம் தரவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்களே புதுசாகப் போடுங்கள், எனக்குத் தெரியக் கூடாது என்றேன். ஊர் என்னைப் பைத்தியம் என்றது. "இன்னாக்கா, நல்லா இருந்தத பேஜாரு பண்ணிகினு" என்று சண்டைக்கு வந்தார்கள். மீன்கார முனியம்மா ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தாள். தெருவே கேட்டது. மூன்று தடவை மாற்றவைத்தேன். நான்காவது தடவை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அடித்து முடித்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். ஆனால் என் காது எண்ணியது. அதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

போன் நம்பர் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆளாளுக்கு அவரவர் நம்பரை மாற்றுவது பெரிய வேலை. அந்தச் சோம்பலுக்கு விலை ஜூலையில் வந்தது.

அண்ணன் மகள் ஆயத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு என் கடையில்தான் பதிவு செய்தாள். அவளிடம் போன் இல்லாததால் வழக்கம்போல என் நம்பர். முதல் இடத்தில் கோயம்புத்தூர் அரசுக் கல்லூரி ஒன்றைப் போட்டாள். அண்ணனுக்கோ, வீட்டிலிருந்து இரண்டாவது ஸ்டாப்பில் இருக்கும் தனியார் கல்லூரியில்தான் அவள் சேர வேண்டும். மகளிடம் பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறான். அவள் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கை நீட்டுகிறவன் இல்லை என் அண்ணன், அதை ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு பட்டியல் தானாகவே பூட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை அவன் கடைக்கு வந்து என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியாது, அவளே போட்டுக்கொண்டாள், நோட்டும் இல்லை என்றேன். உண்மையைச் சொல்லியே தப்பிப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

மறுநாள் எனக்குக் கடைசி வகுப்பு, பரீட்சை. இரண்டிலிருந்து ஐந்து வரை. செல்போன்களை எல்லாம் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பாதிக் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்தது. பகா எண்களை வைத்து ஒரு கணக்கு, அதை இரண்டு தடவை சரிபார்த்துப் போட்டேன். காலேஜில் விட்டுப்போன மூன்றாவது வருஷம் அந்த ஒரு கணக்கில் திரும்பக் கிடைத்ததுபோல இருந்தது. சிரிக்காதீர்கள்.

மூன்றே முக்கால் இருக்கும். தட்டில் ஒரு போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. என் போன்தான், ஆஃப் செய்ய மறந்திருந்தேன். ஹரிப்ரியா யாருடையது என்று கேட்பதற்குள் கதவருகே காவலாளி வந்து அவரிடம் ஏதோ சொன்னார். அவர் என் பெஞ்சுக்கு வந்து, "உங்க அண்ணன் வந்திருக்கார். வீட்டுல அவசரம்னு சொல்றார். கதவு வரைக்கும் போய்ப் பேசலாம். வெளியே போனா திரும்ப எழுத முடியாது" என்றார்.  ஆட்டோ, ரோடு, லாரி என்று என்னென்னவோ மனசில் ஓடியது.

கதவுக்கு வெளியே அண்ணன் வியர்த்து நின்றான். அவன் கேட்டதும் கலக்கம் போய்க் கோபம் வந்தது.

"உன் போனுக்கு ஓடிபி வந்துகினே கீது. இனியன் சொல்ட்டான், பாஸ்வேர்டு தேவயில்லயாம், அது போதுமாம். நம்பர பாத்து சொல்லு, போயிடறேன்."

இனியன் முட்டுக்காட்டில் என்னைப் போலவே கடை வைத்திருப்பவன். அங்கே உட்கார்ந்து பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அமுக்கிக்கொண்டிருக்கிறான். இதற்கு முந்தின சனிக்கிழமைதான் ஹரிப்ரியா சொன்னார், கணக்கு உடைவதில்லை, மனிதர்கள்தான் உடைகிறார்கள், தாக்குகிறவன் எப்போதும் அங்கேதான் வருவான் என்று. வந்துவிட்டான். என் கூடப் பிறந்தவன்.

போன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க விடமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான், நாளைக்கு என்னோடு பேசுவான், கடையும் என் கையில் இருக்கும். நேற்றைய சுகம் இன்றைக்கும் கிடைத்திருக்கும். ஆனால் ரேணுகாவிடம் இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவளுக்கு இன்னொரு தடவை அந்தச் சுகம் வேண்டியிருக்கவில்லை.

"முடியாதுன்னு சொல்லலண்ணே. என்னால முடியும். போனு அங்கதான் கீது, கேட்டா மிஸ்ஸு எடுத்துக் குடுப்பாங்க. ஆனா நான் தர மாட்டேன்."

"அவ என் பொண்ணு."

"உன் பொண்ணுதான். பாஸ்வேர்டு அவளுது."

"ஷட்டரு என்னுது, ஃபக்ரு. நாளைக்கு வேற பூட்டு போட்டுடுவேன்."

"போட்டுக்கோ. உன் கடைல இல்லாத பூட்டா."

அவன் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்து, அது குடும்ப போன், கொடுங்கள் என்று ஹரிப்ரியாவிடம் கேட்டான். தேர்வு முடியும்வரை அந்தத் தட்டு தன் பொறுப்பு, வைத்தவர் கையில்தான் தருவேன் என்றார் அவர். பிறகு மேஜைக்குப் போய், அதிர்ந்துகொண்டிருந்த என் போனைக் குப்புற இருந்தபடியே எடுத்து என்னிடம் நீட்டினார். ஆஃப் செய்துவிட்டு வைக்கச் சொன்னார். நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுப் பொத்தானைத் தடவிப் பிடித்து, அடங்கும்வரை அமுக்கி, தட்டில் திரும்ப வைத்தேன்.

என் இடத்தில் வந்து உட்கார்ந்தபோது நாலு மணிகூட ஆகவில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. தாளைக் கொடுத்தால் எழுந்து போக வேண்டும், வெளியே அண்ணன் நடைபாதையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்னால் நிற்க முடியுமா என்று எனக்கே நிச்சயமில்லை. சின்ன வயசில் என்னை சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் அவன். கையை உயர்த்திக் கூடுதல் தாள் கேட்டேன்.

வாங்கிய பிறகு எழுத ஒன்றும் இல்லை. வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுவார்களோ என்று பயம். ஒரு நல்ல பூட்டு முறைக்கு வேண்டியவை யாவை என்று கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. அந்த எண்ணைப் போட்டு, ரேணுகாவைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். நோட்டைத் திறந்ததை, வாசித்துக் காட்டியதை, டீ குடித்ததை எழுதினேன். அவள் தன்னையே குற்றம் சொன்னபோது நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்ததை எழுதினேன். ஒரு தாள் போதவில்லை. நான்கு வாங்கினேன். எழுதும்போது அழுதேன், பக்கத்துப் பிள்ளை வினாத்தாள் கஷ்டம் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டியது.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் தன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

சொன்னபடி பூட்டுப் போட்டான். அவன் கடையின் மிகப் பெரிய பூட்டு. அதற்குமுன் மெஷினையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம் கொடுத்தான், அது அவன் நேர்மை. அப்துல் அஹத் நான்கு நடையாக ஆட்டோவில் ஏற்றி வந்தார். எங்கள் வீட்டு முன்னறையில் கடை வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் இங்கே வர இரண்டு தெரு நடக்க வேண்டும். பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களுக்கு முதல் வேலையாக அவரவர் போன் நம்பரை மாற்றிக் கொடுத்தேன்.

ஆயத்துக்குக் கோயம்புத்தூரே கிடைத்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்த ஜமாத்தார் எல்லோரும் அண்ணனைக் கட்டிப் பிடித்து வாழ்த்தினார்களாம். ஊரே வாழ்த்தின பிறகு மறுக்க அவனுக்கு வாய் வரவில்லை. அவனே போய்ச் சேர்த்துவிட்டு வந்தான். என்னோடு இன்றுவரை பேசவில்லை. ரயில் ஏறுவதற்கு முன் ஆயத் யாரிடமோ போன் வாங்கி என்னைக் கூப்பிட்டு, "மாமி, கடை போச்சாமே" என்று அழுதாள். உன் பாஸ்வேர்டை மட்டும் அங்கே யாருக்கும் சொல்லிவிடாதே என்று அதட்டி வைத்துவிட்டேன்.

விடைத்தாள் ஆகஸ்டில் வந்தது. ஐம்பத்து இரண்டு, தேர்ச்சி. கூடுதல் தாள்களின் மேல் ஹரிப்ரியா சிவப்பு மையில் 'கேள்விக்குத் தொடர்பில்லை, மதிப்பெண் 0' என்று எழுதியிருந்தார். நான்காவது தாளின் கீழே இன்னொரு வரி. 'அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?'

அந்த மாதம் ரேணுகா ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். ஜெராக்ஸோடு சேர்த்து நான்கு தாள்களையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மெதுவாகப் படித்தாள், இரண்டாவது தாளுக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தாள். திட்டுவாள், மெஷினைத் தள்ளிவிடுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப நான் சேவ் பண்ணித்தான் கீறேன்" என்றாள்.

"பண்ணினம்மா. நான் பாத்தேன்."

தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரமும் வாசலில் நிழல் ஆடினால் எழுந்து பார்த்தேன்.

நேற்று வந்தாள். பையில் பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், போட்டோ. நர்சிங்குக்கு மறுபடி போட வேண்டும், வயசு இன்னும் இருக்கிறது என்று சொன்னாள்.  என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தன் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் திரும்புக்கா."

திரும்பினேன். சுவரில் போன வருஷக் காலண்டர் தொங்கியது. பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. முதல் தட்டு, அப்புறம் இன்னொன்று. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் வந்து தோளைத் தொடும்வரை நான் எண்ணவில்லை.